கீழே ஓடிய எழுத்து

மனைவியிடம் போய் “நான் செய்தது தப்பு” என்று சொல்வதைவிட ஒரு புது மொழியைக் கற்றுக்கொள்வது சுலபம். ஐம்பத்தாறு வயதில் இப்படித்தான் முடிவுக்கு வந்தேன். பிரெஞ்சு மொழி. மூன்றே மாதம்.

தப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஒரே மகன், தான் வேலைக்குப் போன தேசத்தில், பிரெஞ்சு மட்டுமே பேசும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். “கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்” என்றேன். அவன் கெஞ்சுவான், நான் முறுக்கிக்கொள்வேன், கடைசியில் பெரிய மனது பண்ணிக் கிளம்பிவிடலாம் என்பது கணக்கு. அவன் கெஞ்சவில்லை. “சரிப்பா” என்றான். என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான். மனைவி மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தாள். அவள் கிளம்புமுன் நூறு தடவை சொன்னாள், வருத்தப்படுவீங்க என்று.

வருத்தப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அம்மாவும் பிள்ளையும் வீடியோவில் பேசுவார்கள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கையாட்டுவாள். நான் கேமராவில் விழாமல் அலமாரி ஓரமாகப் பேப்பரோடு நிற்பேன். “அப்பா எப்படி இருக்கார்?” என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை.

“பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க” என்பாள் மனைவி, பேசி முடித்ததும்.

“அது ஒரு விளம்பரம். அப்படித்தான் பார்க்கணும்.”

“தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா மூச்சா நின்னுடப் போகுது?”

“யாரு, நானா? மானம்னு ஒண்ணு இருக்கு.”

“இருக்கட்டும். அதையே கூட்டிக்கிட்டு வாக்கிங் போங்க.”

தப்பு என்று இவள் காதில் விழுந்துவிட்டால் மிச்ச ஆயுள் முழுக்க “நான் அப்பவே சொன்னேன்” தான். அதனால்தான் பிரெஞ்சு. மருமகளிடம் நேராக, அவள் மொழியிலேயே மன்னிப்புக் கேட்பேன். மனைவி பக்கத்திலேயே இருப்பாள். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. மருமகள் மனம் இளகினால் மகனும் இளகுவான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சுவதாக இல்லை.

நான் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். தினமும் நாற்பது தடவை மேலே போவேன். நாற்பது தடவையும் கீழே வந்துவிடுவேன்.

“ஆபீஸுக்கு பிரெஞ்சு லிஃப்ட் வருது” என்றேன் மனைவியிடம். “எல்லாம் பிரெஞ்சுலதான் எழுதியிருக்கு. நான் படிச்சாகணும்.”

“படிக்கிறதுக்கு எதுக்கு டிவியைப் போடறீங்க?”

“இப்பல்லாம் இதான் முறை. இன்டர்நெட்ல பிரெஞ்சு சீரியலைப் பார்த்துக்கிட்டே இருந்தா மொழி தானா வந்துடும்.”

“முப்பது வருஷமா என்னைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க. நான் பேசற தமிழே இன்னும் உங்களுக்கு வரல.”

அவள் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷின் ஹாலில், வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்து இருக்கும். அதாவது டிவிக்கு முதுகு. எனக்கு ரொம்ப வசதி. மிஷின் ஓடும் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்காது என்று நினைத்தேன். இரண்டாவது வாரமே அவள் மிஷினை விட்டுவிட்டு, பட்டன் துளைக்குக் கையால் காஜா எடுக்கிற வேலையை மாலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். காஜா எடுக்கச் சத்தமே வராது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

“கொஞ்சம் சத்தமா வைங்க.”

“உனக்கு என்ன புரியப் போகுது?”

“நீங்க படிக்கிறீங்களா தூங்கறீங்களான்னு தெரியணும்ல.”

சீரியல் ஒரு பண்ணை வீட்டில் நடந்தது. எப்போதும் மழை. ஒரு கிழவர், அவரோடு பேசாத மகன், நடுவில் ஒரு மருமகள். எனக்கென்றே எடுத்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சூப்பை வெறித்துப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு வசனம். மற்ற நேரம் பெருமூச்சு. ஒரு மாதத்தில் எனக்கு ஏழு வகைப் பெருமூச்சு கைவந்துவிட்டது. வசனம் வரும்போது கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். நான் அதைப் படிப்பேன்.

பதினேழாவது பகுதியில் வந்தது என் வசனம். கிழவர் மழையில் நனைந்து நின்று மருமகளிடம் ஏதோ சொன்னார். கீழே எழுத்து ஓடியது: “உனக்கு அநியாயம் செய்துவிட்டேன். மன்னித்துவிடு. இது உன் வீடு.” நான் துள்ளி எழுந்தேன். அதே இடத்தை இருபது தடவை ஓடவிட்டு, அவர் சொன்னதைச் சத்தம் மாறாமல் தமிழ் எழுத்தில் லிஃப்ட் பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். “அத்தஷே லா வாஷ்” என்று முடியும். அந்த “லா வாஷ்” வரும்போது எனக்குக் கண் கலங்கிவிடும்.

குளியலறையில் பயிற்சி செய்தேன். பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் தனியாக நின்றும் சொல்லிப் பார்த்தேன். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு கதறுகிறார்கள் என்று கதவை உடைக்க ஆள் வந்துவிட்டது.

மூன்றாவது மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டேன். மனைவி காஜா எடுத்துக்கொண்டே போனைச் சாய்த்து வைத்தாள். திரையில் மருமகள் மட்டும் இருந்தாள். மகன் சமையலறையில் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. நான் அலமாரி ஓரத்தை விட்டு இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் திரைக்குள் வந்தேன். மருமகளின் கண் விரிந்தது. பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். கிழவரைவிட நன்றாகவே சொன்னேன். “லா வாஷ்” என்ற இடத்தில் குரல் உடைந்தது.

மருமகள் புருவத்தைச் சுருக்கிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு திரைக்கு வெளியே ஒரு சிரிப்பு வெடித்து, சட்டென்று அடங்கியது. என் மகன்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

மனைவி ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்தாள். “காலையில மாட்டு டாக்டர் வர்றாராம். ‘லா வாஷ்’னா மாடு. அதைக் கட்டிப் போடச் சொல்றீங்க.”

“நானா?”

“நீங்க பார்க்கிற அந்த இன்டர்நெட் தளத்துல, கீழே வர்ற எழுத்து ஒரு வசனம் முந்தி ஓடுது. கிழவர் முதல்ல மாட்டைப் பத்திச் சொல்லி, அப்புறம்தான் மன்னிப்புக் கேட்டார்.”

அந்தக் கிழவருக்கு எதைச் சொன்னாலும் இழவு வீட்டு முகம்தான். நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க படிச்சீங்க. நான் கேட்டேன். புரியாததைத் தினமும் மத்தியானம், நீங்க ஆபீஸ் போனப்புறம், வீடியோல இவகிட்டக் கேட்டுக்குவேன். ஊசியைக் காட்டுவேன், பேர் சொல்லுவா. மூணு மாசமா அப்படித்தான் பேசறோம்.” சொல்லிவிட்டு மருமகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். சரளமாக. மருமகள் தலையாட்டினாள்.

“ஒரு மாசமா நான் குளியலறையில சொன்னது...”

“மாடே இல்லாத வீட்ல மாட்டு டாக்டரைக் கூப்பிடறாரேன்னு பார்த்தேன். ஆபீஸ் விஷயம்னு சொன்னீங்களே. இப்பல்லாம் லிஃப்ட்ல மாடும் ஏத்துவாங்களோ என்னவோன்னு விட்டுட்டேன்.”

எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது. நாற்காலி திரைக்கு வெளியே இருந்தது.

“உங்களுக்காக இவகிட்ட நான் எப்பவோ மன்னிப்புக் கேட்டாச்சு” என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. “இவ மன்னிச்சாச்சு. உங்க பிள்ளைதான், அப்பா வாயால சொல்லட்டும்னு நிக்கறான். தமிழ்லயே சொல்லுங்க. அவனுக்குத் தமிழ் தெரியும்.”

மூன்று மாதப் படிப்பு. இது எனக்குத் தோன்றவே இல்லை.

“தப்பு என்னோடதுப்பா” என்றேன். “நான் வந்திருக்கணும்.”

மருமகள் பக்கவாட்டில் திரும்பி, என் திரையில் தெரியாத மகனை ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் திரைக்குள் வரவில்லை. ஏதோ முணுமுணுத்தது மட்டும் கேட்டது. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, மெதுவாக, நீளமாக ஒன்று சொன்னாள். என் கண் தானாக அவள் கழுத்துக்குக் கீழே போய் எழுத்துக்காகக் காத்திருந்தது. அங்கே ஒன்றும் ஓடவில்லை.

“என்ன சொல்றா?” என்றேன்.

மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். “மாட்டைக் கட்டிப் போட்டாச்சாம். மாமா எப்ப வேணும்னாலும் வரலாமாம்.”

பிறகு என்னைப் பார்த்து அவளே பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னாள். கீழே எழுத்து இல்லாமலே எனக்குப் புரிந்த முதல் பிரெஞ்சு வாக்கியம் அது: “நான் அப்பவே சொன்னேன்.”