ஒன்மோர் அம்மா பார்த்த பார்வை

மீன்காரம்மாவுக்கே கூவக் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் இந்தச் சென்னையில் எங்கள் ஒன்மோர் அம்மாதான். சந்தேகம் இருந்தால் ஆழ்வார்பேட்டைக்கு வந்து எங்கள் அடுக்ககத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"குரல்ல மீன் துள்ளவே இல்லியே! ஒன் மோர்!" என்று ஒரு நாள் மாடியிலிருந்து, இன்னொரு டேக் கேட்கும் டைரக்டர் மாதிரி குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா நீ, மீன் வாங்கப்போறியா, இல்ல படம் எடுக்கறியா?" என்று முறைத்த மீன்காரம்மா, ரோஷத்தில் இன்னொரு முறை கூவினாள். மூன்று மாடியும் பாத்திரத்தோடு இறங்கி வந்தது. அன்றிலிருந்து அவளே அண்ணாந்து பார்த்து, "ஓகேவா யம்மா, இல்ல இன்னொரு தபா கூவட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குகிறாள்.

அம்மா கறுப்பு வெள்ளைப் படங்களில் ஆட ஆரம்பித்து, கலரில் அக்காவாகி, சீரியலில் மாமியாராகி ஓய்ந்தவர். சினிமா அவரை விட்டாலும் அவர் சினிமாவை விடவில்லை. கார் நிறுத்தும் தகராறில் எங்கள் செயலாளரும் இரண்டாம் மாடிக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது நடுவில் புகுந்து, "கோபம் கண்ணுல வரணும், கழுத்து நரம்புல இல்ல. ரெண்டு பேரும் ஆரம்பத்துலேர்ந்து!" என்றார். இரண்டாம் முறை அவர்களுக்குச் சிரிப்புதான் வந்தது.

இப்படிப்பட்டவருக்கு, பல வருஷம் கழித்து, போன ஆண்டு ஒரு படம் வந்தது! ஒரே நாள் வேலை. இறந்துபோன கணவர் எதிரில் வந்து நிற்பதாக நினைத்துக் கிழவி அரை நிமிஷம் ஆட வேண்டும், பிறகு அவரைப் பார்க்க வேண்டும். எழுபத்து மூன்று வயதில் ஒரு வாரம் ஒத்திகை. அவர் மேலே ஆட ஆட, கீழ் வீட்டில் என் மின்விசிறி தாளம் போட்டது.

"இதுல சொதப்பினேன்னா இனி எவனும் கூப்பிட மாட்டான்பா," என்று முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

வடபழனியில் படப்பிடிப்பு. துணைக்கு நான், கையில் ஃபிளாஸ்க்கும் தைலமும். ஆட்டம் பிரமாதம்! லைட்மேன்களே கை தட்டினார்கள். பார்வையில்தான் வந்தது வினை. எதிரில் கணவருக்குப் பதில், கம்பியில் குத்திய ஒரு பச்சைப் பந்து. கணவரைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பார்களாம்.

"ஒன் மோர்மா," என்றார் இளம் இயக்குநர். நான்காவது முறையும் "ஒன் மோர்". ஊரையே ஒன் மோர் கேட்டவரின் முகம் வெளுத்துவிட்டது. "பேசாம அந்த ஷாட்டையே தூக்கிடலாம்," என்று இயக்குநர் உதவியாளரிடம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

அம்மா இடுப்பில் கை வைத்தார். "தம்பி, பந்தைப் பார்த்தா விளையாடத்தான் தோணும். அதை எடு. கீழ் வீடு, நீ போய் அங்க நில்லு!"

"நானா? எனக்கு நடிக்க வராதும்மா!"

"உன்னை யாரு நடிக்கச் சொன்னா? சும்மா நில்லு."

நின்றேன். ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டேன். அம்மா ஆடி முடித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் மாடியேறும்போதெல்லாம் கதவருகே நின்று பார்ப்பாரே, அதே பார்வைதான். பை கனத்தில் நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஓகே!" என்று இயக்குநர் துள்ளிக் குதித்தார்.

தியேட்டரில் அந்தக் காட்சிக்கு விசில் பறந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார். அம்மா கையில் இப்போது இரண்டு படங்கள், என் மின்விசிறிக்கு ஓய்வே இல்லை. திரையில் என் இடத்தில் நரைத்த தலையோடு யாரோ ஒரு கணவர் நிற்கிறார். நிற்கட்டும். அந்தப் பார்வையை முதலில் வாங்கியவன் நான். தைரியம் வந்தால் ஒரு நாள் மாடியேறிப் போய் நானே கேட்டுவிடுவேன், "அம்மா, ஒன் மோர்" என்று.