கடப்பாரை அண்ணன் தோண்டிப் பார்த்த மனை

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடப்பாரை அண்ணன் குழி தோண்டாத மனை ஒன்று பாக்கி இருக்கிறதென்றால், அது ஜெகதாப்பட்டினத்துக்குக் கிழக்கே கடலுக்குள்தான் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அவர் சீனியர் கிளார்க். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் ஸ்கூட்டரில் எந்நேரமும் ஒரு கடப்பாரை படுத்திருக்கும்.

யாராவது மனை வாங்கப் போவதாக வாயெடுத்தால் போதும், அண்ணன் ஆஜர். "வில்லங்கச் சான்று சுத்தமா இருக்குண்ணே" என்பார்கள். "பத்திரம் பேசாதுப்பா, பங்காளிதான் பேசுவான்" என்பார். நேரே மனைக்குப் போய் நட்டநடுவில் குழி தோண்டுவார். தன் பங்கு மண்ணில் இன்னொருத்தன் கடப்பாரை போட்டால் எவனுக்கும் சோறு இறங்காது, எழுந்து ஓடி வந்துவிடுவான் என்பது அவருடைய சித்தாந்தம். ஓடி வந்தவருக்குப் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து முழுக் கதையையும் கறந்துவிடுவார்.

வாடகை வீட்டிலேயே தலை நரைத்த நானும் என் மனைவியும் கீரமங்கலம் போகும் சாலையில் ஒரு மனை பார்த்தோம். மறுநாள் அட்வான்ஸ். 'ஒரு சிக்கலும் இல்லை' என்று புரோக்கர் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார். அண்ணன் கடப்பாரையால் மூன்று குத்துதான் குத்தினார். ஒருவர் மொபெட்டில் புழுதி பறக்க வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டுய்யா இங்கிட்டு தோண்டுறீங்க? எங்க அப்பாரு சொத்து இது!"

"வாங்க வாங்க, டீ குடிங்க. கேஸு எதுவும் போட்டிருக்கீங்களா?"

"போடாம? கோர்ட்டுல ஓடுதுல்ல!"

அவர் டீயை வாயில் வைப்பதற்குள் ஒரு அம்மா கொண்டையை முடிந்துகொண்டே வந்து சேர்ந்தார். "இவன் ஒருத்தனுக்கா சொத்து? கூடப் பொறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எங்கிட்ட ஒரு கையெழுத்துக் கேட்டானா?"

அக்காளும் தம்பியும் கட்டிப் புரளாத குறை. திரும்பிப் பார்த்தால் புரோக்கரைக் காணோம். வழக்கோடு சேர்த்து மனையை எங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறான், பாவி! வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அழுதே விட்டாள். "இந்த ஜென்மத்துல நமக்குச் சொந்த வீடு இல்லீங்க." அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் ஹாரன் சத்தம். "திருவரங்குளம் பக்கம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். தங்கச்சி, நீயும் கெளம்பு."

அங்கே ஒரு குழி தோண்டினார். யாரும் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது குழியும் தோண்டியாயிற்று. ஈ காக்கை இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது.

"என்னப்பா, ஒருத்தனும் வரல? எனக்கென்னமோ சரியாப் படலியே."

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் போனார். "ஆத்தா, ஒங்களுக்கு இந்த எடத்துல பங்கு கிங்கு உண்டா?"

"எனக்கெதுக்குய்யா?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. மாமியா வழியில எதுவும்?"

"அடப் போய்யா! சும்மா கெடக்குற எடத்துக்கு ஆள் சேத்துவிட வந்துட்டாரு!"

அழுத நாளுக்குப் பிறகு அன்றுதான் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். மனையை வாங்கி வீடும் கட்டினோம். வீட்டுக்குப் பின்னால் விழுந்த இரண்டு குழிகளில் தென்னங்கன்று வைத்தோம். அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார், மரங்கள் காய்க்கின்றன.

ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கு வெளியே ஒரு அதட்டல் கேட்கும். "யாரைக் கேட்டுய்யா இங்கிட்டு வீடு கட்டுனீங்க?" என் மனைவி எட்டிக்கூடப் பார்க்காமல் டீக்குப் பால் வைப்பாள். எங்கள் மனைக்கு உரிமை கொண்டாடி வந்தவர் இன்றுவரை அண்ணன் ஒருத்தர்தான். எந்த ஞாயிற்றுக்கிழமையாவது அந்தக் குரல் கேட்கவில்லையென்றால், எனக்குச் சோறு இறங்குவதில்லை.