அதிவேகத் தேவாங்கு

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் அந்தக் காட்டு அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வரும் என்பதால் பெயர் வேண்டாம், தணிகாசலம் என்று ஒரு தேவாங்கு இருந்தது. தேவாங்குகள் பிறவியிலேயே நிதானமானவை. நம் தணிகாசலமோ மற்ற தேவாங்குகளே "சீக்கிரம் வாப்பா" என்று அதட்டும் அளவுக்கு நிதானம். தன் கல்யாணத்துக்கே முதல் முகூர்த்தத்தைத் தவறவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு மூச்சிரைக்க வந்து தாலி கட்டியது. மணமகள் சவுந்தரம் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் தேவாங்குதான். அப்போதுதான் அது மணமேடை ஏறி முடித்திருந்தது.

இப்படிப்பட்ட பிராணியிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். கதையில் நரி பேசினால் நம்புகிறவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. மேற்கூரை கிடையாது. வலசை வந்த வெளிநாட்டு நாரை ஒன்று, ஊர் திரும்பும்போது அதை அலகில் தூக்கிக்கொண்டு பறக்க முடியாமல் தணிகாசலத்தின் தலையில் கட்டிவிட்டுப் போயிற்று. புதுமணத் தம்பதி பதினோரு நாள் அதில் காடெல்லாம் சுற்றியது. பன்னிரண்டாம் நாள் கார் இருமியது, ஒரு ஏப்பம் விட்டது, வீட்டு வாசல் புங்கமரத்தடியில் நின்றுவிட்டது. கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் கிழிந்துபோயிருந்தது. அது வெளிநாட்டுச் சாமான். அடுத்த வலசையில் நாரை கொண்டுவரும் என்று தணிகாசலம் காத்திருந்தது. நாரை வரவில்லை. காத்திருப்பதில் தேவாங்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருபத்திரண்டு வருடம் போய்விட்டது.

அதற்குள் சவுந்தரம் காரின் பானெட்டில் வெட்டுக்கிளி வற்றல் காயப்போடப் பழகிவிட்டது. நல்ல சூடு, சீக்கிரம் காயும். சாயங்காலமானால் இரண்டும் காரில் ஏறிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். தணிகாசலம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். "எங்கே போறோம்?" என்று சவுந்தரம் கேட்கும். "நீ சொல்லு" என்று இது சொல்லும். இருட்டியதும் இறங்கி வீட்டுக்குள் போய்விடும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

ஒரு மாதத்தின் முதல் தேதியில் புங்கமரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபது வருடம் தாண்டிய வண்டிகள் ஓடும் நிலையில் இருப்பதாக மாதக் கடைசிக்குள் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நசுக்கப்படும். நசுக்கும் ஒப்பந்தம் யானைக்கு. அது அன்றைக்கே வந்து, காருக்குப் பக்கத்தில் காலை வைத்து அளவு பார்த்தது.

"ஒரே மிதிதான் தம்பி. வண்டிக்கு வலிக்காது" என்று ஆறுதலும் சொன்னது.

யானை போனபின் சவுந்தரம் பானெட்டில் இருந்த வற்றலை அள்ளி எடுத்தது. பிறகு, "ஏங்க, வாழ்நாள் முழுக்க எல்லாரும் நம்மளைத் தாண்டித்தான் போயிருக்காங்க. அந்தப் பதினோரு நாள் மட்டும்தான் நாம நாலு பேரைத் தாண்டிப் போனோம். இதை மிதிக்க விட்டுடாதீங்க" என்றது.

தணிகாசலம் உடனே எழுந்தது. உடனே என்றால் அதன் கணக்கில் உடனே. மெக்கானிக் வீட்டுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தது.

மெக்கானிக் ஒரு மரங்கொத்தி. எதையும் தட்டிப் பார்த்தே நோய் சொல்லும் என்பதால் ஊரில் அதற்கு டொக்கு என்று பெயர். டொக்கு வந்து பானெட்டைத் திறந்தது. ஏர் ஃபில்டரில் ஓர் எலிக் குடும்பம், சைலன்சரில் குளவிக் கூடு, சீட்டுக்குள் மூன்று தலைமுறை அணில்கள்.

"அண்ணே, இது வண்டியா, ஹவுசிங் போர்டா? கரண்ட் கனெக்‌ஷன் ஒண்ணுதான் குறைச்சல்" என்றது டொக்கு.

எல்லோரையும் கெஞ்சிக் கூத்தாடிக் காலி செய்ய வைக்க ஆறு நாள் ஆயிற்று. டேங்கில் இருந்த பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க மூன்று நாள். டயர்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன, டொக்கு எங்கிருந்தோ நாலு பழைய டயர் உருட்டிவந்து மாட்டியது. கடைசியில் கார்புரேட்டரைப் பிரித்த டொக்கு, கிழிந்த ரப்பர் வளையத்தைப் பார்த்தது. மூலையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை இழுத்து, அலகால் வட்டமாகக் கொத்தி, இரண்டே நிமிடத்தில் புது வளையம் எடுத்து மாட்டியது.

தணிகாசலம் கிழிந்த பழைய வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தது. "இதை இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாமேடா?"

"நீங்க நாரைக்குத்தானே சொல்லி அனுப்புனீங்க? எனக்குச் சொல்லலையே அண்ணே."

பதினைந்தாம் நாள் கார் கிளம்பியது. கறுப்பாக ஒரு புகை, வெள்ளையாக ஒரு புகை, அப்புறம் சிங்கம் போல ஒரு சத்தம். நிஜச் சிங்கம் ஒன்று எட்டிப் பார்த்து, தன்னைப் போல் யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனது. வாசலுக்கு வெளியே சாலையில் செந்நாய்க் காவலர்கள் நிற்பார்கள், சான்று இல்லாத வண்டியைக் கண்டால் விடமாட்டார்கள். அதனால் தணிகாசலம் வாசலுக்குள்ளேயே பத்தடி முன்னால் ஓட்டியது, பத்தடி பின்னால் ஓட்டியது. சவுந்தரம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது. சந்தோஷ அழுகைதான்.

இனி ஒரு சான்று வாங்குவதுதானே என்று நினைத்தார்கள். பாவம், அவர்கள் மிருகங்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

போக்குவரத்து அலுவலகத்துக்குத் தேவாங்கு நடையில் மூன்று நாள். செவ்வாய்க்கிழமை காலை போய்ச் சேர்ந்தது. பதினான்காம் எண் டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பதினான்கைக் கூப்பிட்டதும் தணிகாசலம் எழுந்து கவுண்டரை நோக்கி நடந்தது. போய்ச் சேர்ந்தபோது முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

கவுண்டரில் இருந்த அதிகாரி ஓர் உடும்பு. பிடித்த சட்டத்தை விடாது. "பதினாலைக் கூப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு? எங்கய்யா போயிருந்தே? என்ன தேவாங்கு மாதிரி முழிக்கிறே?"

"தேவாங்குதாங்க ஐயா."

"நாளைக்கு வா."

மறுநாள் தணிகாசலம் உஷாராகிவிட்டது. டோக்கன் வாங்கிய கையோடு நடக்க ஆரம்பித்து, சரியாகத் தன் முறைக்குக் கவுண்டரை அடைந்தது. அலுவலகத்தை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் முடியாது.

"வண்டி எங்கே?" என்றது உடும்பு.

"வீட்டுல இருக்குங்க. நல்லா ஓடுது."

"இங்கே கொண்டுவந்து காட்டணும். பார்த்தாத்தான் சான்று."

"அப்ப ஓட்டிட்டு வரட்டுங்களா?"

"சான்று இல்லாத வண்டியை ரோட்டுல ஓட்டினா குற்றம்."

"கயிறு கட்டி இழுத்துட்டு வரேங்க."

"இழுத்துட்டு வந்தா ஓடாத வண்டின்னு எழுதுவேன்."

தணிகாசலம் யோசித்தது. உடும்பு பொறுமையாக ஒரு டீ குடித்து முடித்தது. பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வருஷமா உன் வண்டி பேர்ல ஒரு பதிவும் இல்லை. ஒரு விபத்து உண்டா? ஒரு அபராதம் உண்டா? சிக்னல் தாண்டினதாகவாவது உண்டா? அப்புறம் எதை வச்சு ஓடுதுன்னு நான் நம்பறது?" என்றது.

"அது யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலைங்க ஐயா."

"அதைத்தான்யா நானும் சொல்றேன்."

தணிகாசலம் மூன்று நாள் நடந்து வீடு திரும்பியது. வெறுங்கையைப் பார்த்ததுமே சவுந்தரத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டும் பழையபடி காரில் உட்கார ஆரம்பித்தன. எங்கே போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நாள்கள் போயின. மறுநாள் யானை வரும் என்ற நிலையில், தணிகாசலத்தின் செல்போன் டிங் என்றது.

அபராதச் சீட்டு வந்திருந்தது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், எண் 1143, அத்திமர வளைவில் போன செவ்வாய்க்கு முந்தைய செவ்வாய், காலை பதினொன்றே காலுக்கு, மணிக்கு நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகம். பதிவு உரிமையாளர் தணிகாசலம், தேவாங்கு. கீழே கேமரா எடுத்த படம். படத்தில் கார் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேலே இரண்டு நீளக் காதுகள் நன்றாகத் தெரிந்தன.

"இந்தக் காது நம்ம பக்கத்து வளை முயலோடது மாதிரி இருக்கே" என்றது சவுந்தரம்.

தணிகாசலம் காதைப் பார்க்கவில்லை. "நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றது. இன்னொரு முறை படித்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தது. தன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று இலக்கம் இருந்த வேறு தாள் எதையும் அது வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அதற்குள் பேச்சு காதில் விழுந்து முயலே நடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பதினோரு பிள்ளை பெற்ற குடும்பஸ்தன். அதனிடமும் ஒரு சிவப்புக் கார் இருந்தது, ஆனால் சொந்தமாக எண் இல்லை. "மாமா, மன்னிச்சிடுங்க. ஓடாத வண்டியோட நம்பர்தானே, யாருக்கு என்ன நஷ்டம்னு எழுதி மாட்டிக்கிட்டேன். தப்புதான். இப்பவே போய் உண்மையை ஒத்துக்கறேன்."

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு தேவதை வந்து, உண்மை சொன்னதற்காக முயலுக்குத் தங்கக் கார் கொடுத்திருக்கும்.

"வாயை மூடுடா" என்றது தணிகாசலம். "ஓட்டினது நான்தான். உண்மை கிண்மைன்னு எங்கயாவது உளறினே, தொலைச்சிடுவேன். குனி."

முயல் குனிந்தது. தணிகாசலம் அதன் முதுகில் ஏறிக்கொண்டது. மூன்று நாள் தூரத்தை அரை மணியில் கடந்து, முயல் அதை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு ஒளிந்துகொண்டது.

அபராதச் சீட்டைப் பார்த்ததும் உடும்பு சலித்துக்கொண்டது. "நான் ஓட்டலைன்னு சொல்ல வந்தியா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அங்கே போய் மனு எழுதிக் கொடு."

"இல்லைங்க ஐயா. ஒத்துக்க வந்தேன்."

முப்பது வருட சர்வீஸில் அந்த வாக்கியத்தை உடும்பு கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னது.

"நூத்தி நாப்பத்தி ரெண்டுன்னு போட்டிருக்கு" என்றது தணிகாசலம். "எனக்கு நூத்தம்பதுன்னு ஞாபகம். ஆனா அரசாங்கக் கேமரா பொய் சொல்லாது."

"சொல்லாது" என்றது உடும்பு. காதுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால் படத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பார்த்தது. முகம் சுருங்கியது. "இருய்யா. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு நீ இங்கேதானே இருந்தே? டோக்கன் பதினாலு. வருகைப் பதிவேட்டுல உன் கையெழுத்து இருக்கே?"

வெளியே ஒளிந்திருந்த முயல் இரண்டு காதையும் மடக்கிக்கொண்டது. வாழ்நாளிலேயே முதல் தடவையாகத் தணிகாசலம் சட்டென்று பதில் சொன்னது.

"பதினாலைக் கூப்பிட்டீங்க. நான் கவுண்டருக்கு வந்தப்ப முப்பத்தொண்ணு. நடுவுல எங்கய்யா போயிருந்தேன்னு நீங்கதானே கேட்டீங்க?"

உடும்பு அதையே பார்த்தது. பெஞ்சைப் பார்த்தது. பெஞ்சுக்கும் கவுண்டருக்கும் இடையே இருக்கும் பன்னிரண்டு அடியைப் பார்த்தது. இந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க எவனுக்காவது அவ்வளவு நேரம் ஆகுமா? ஆகாது. சட்டப்படி யோசித்தால், இடையில் காரில் போய்விட்டு வந்திருக்கிறான் என்பது ஒன்றுதான் அறிவுக்குப் பொருந்துகிறது.

"அடப்பாவி! அதான் அன்னைக்கு மூச்சு வாங்கிட்டு நின்னியா?" என்றது உடும்பு. குரலில் லேசாக மரியாதை தெரிந்தது.

வண்டி ஓடுகிறது என்று அரசாங்கமே கண்டுபிடித்துவிட்டபின் வேறு அத்தாட்சி எதற்கு? "ஓடும் நிலையில் உள்ளது, மிக நன்றாக" என்று எழுதி உடும்பு முத்திரை குத்தியது. கூடவே, நூற்றிருபதைத் தாண்டியதற்காகத் தணிகாசலத்தின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்து, அதன் மேல் சிவப்பு மையில் "அபாயகரமான அதிவேக ஓட்டுநர்" என்று எழுதியது. தணிகாசலம் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

மறுநாள் யானை வந்தது. சான்றைப் படித்துவிட்டு ஏமாற்றத்தோடு, "இவ்வளவு தூரம் வந்துட்டேன், ஒரு காலை மட்டும் லேசா வச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டது. சவுந்தரம் ஒரு கிண்ணம் வெட்டுக்கிளி வற்றல் கொடுத்து அனுப்பிவைத்தது.

இனி ஆறு மாதம் யார் ஓட்டுவது? சவுந்தரம் உள்ளே போய் ஒரு டப்பாவைத் திறந்து தன் லைசென்ஸை எடுத்து வந்தது. கல்யாணமான புதிதில் எடுத்தது. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாத ஜீவன், இத்தனை வருடமும் அதை மட்டும் காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. தணிகாசலம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தது. பிறகு காரில் ஏறி, பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தது.

கார் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தது. விஷயம் அதற்குள் காடெங்கும் பரவியிருந்தது. தாய்மார்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினார்கள். மான்கள் கைகட்டி நின்றன. சிறுத்தை ஒன்று தன் வண்டியை ஓரங்கட்டி, "அண்ணன் முதல்ல போகட்டும்" என்று வழிவிட்டது. சவுந்தரம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சிறுத்தையைத் தாண்டியது.

"மெதுவாப் போ சவுந்தரம்" என்றது தணிகாசலம். "ஏற்கெனவே நம்ம பேரு கெட்டுக் கிடக்கு."

நீதி: குற்றமே செய்யாதவன் உயிரோடு இருப்பதற்கு அரசாங்கத்திடம் ஆதாரம் கிடையாது. ஆகவே குழந்தைகளே, தப்பு செய்யாதீர்கள். ஆனால் உங்கள் பெயரில் வேறு யாராவது செய்தால் தடுக்காதீர்கள்.