பெரியப்பாவை இரைச்சலென்று வெட்டிய கதை

காதால் கேட்க வேண்டியதைத் திரையில் பார்த்தே "சரி" என்று சொல்லிவிடுகிற வியாதி எனக்கு இருந்தது. பல்கலைக்கழகத்தில் அதற்குப் புள்ளிகூடத் தந்தார்கள். (தந்தவர்களைச் சொல்ல வேண்டும்.)

இணுவிலில் அண்ணனின் கலியாணம். நாதசுவரம் எங்கள் பெரியப்பா. அவருடைய ஒரே மகள் மதி அக்கா கனடாவில்; விசா அலுவல் முடியாததால் வரமுடியவில்லை. அடுத்த புதன்கிழமை பெரியப்பாவின் முன்பற்களைக் கழற்ற நாள் குறித்திருந்தது. அதற்குப் பிறகு அவரால் ஊத முடியாது.

"அப்பா கடைசியா ஊதிறதை நான் வடிவாக் கேக்க வேணும். நீதான் ஏதாவது செய்யோணும்" என்றார் அக்கா.

ஒரு கைபேசியை நீட்டியிருந்தால் போதும். ஆனால் நான் இலத்திரனியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி அல்லவா? கம்பியில்லா ஒலிவாங்கி அனுப்புவதை மடிக்கணினியில் வாங்கி, இரைச்சலை நீக்கி, நேரலையாக அனுப்பும் ஒழுங்கொன்றை மென்பொருளில் கட்டினேன். பேச்சை வைத்துக்கொள், மற்றதையெல்லாம் வெட்டு என்பது நான் கொடுத்த விதி. மின்விசிறிக்குக் கீழே இருந்து "ஒன்று, இரண்டு" சொல்லிச் சோதித்தேன். விசிறியின் சத்தம் அடியோடு போயிற்று. அன்று என்னைப் பிடிக்க ஆளில்லை.

மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பெரியப்பாவுக்கு அருகே வைத்தேன். அதற்குப் பக்கத்தில் அம்மாவும் மாமியும் வந்து இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் அதிர்ந்தது. திரையில் அழகழகான அலைகள். காதில் நான் எதையும் மாட்டவில்லை.

அக்காவின் செய்தி வந்தது: "மேளம் எப்ப துவங்கும்?"

பழைய செய்தி பிந்தி வந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்தது வந்தது.

"சின்னம்மாவைக் (என் அம்மாதான்) கொஞ்சம் கதைக்காமல் இருக்கச் சொல்லு. பொம்பிளையின்ரை ஆக்களும் இஞ்சை என்னோடை இருந்து கேட்டுக்கொண்டிருக்கினம்!"

பதறிப்போய்க் காதில் மாட்டினேன். அம்மாவின் குரல் மணிமணியாகக் கேட்டது: "பொம்பிளையின்ரை தாய் கட்டியிருக்கிற உந்தச் சீலை, மூத்த மகளின்ரை கலியாணத்துக்கும் கட்டினதுதான்."

நாலு முழம் தள்ளிப் பெரியப்பா கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். காதில் அவர் இல்லவே இல்லை. என் விதிக்கு அவரும் ஒரு மின்விசிறி. விதியை நிறுத்துவதற்குள் ஊதி முடித்துவிட்டார்; வெட்டி மிஞ்சியதை மட்டுமே சேமித்ததால் பதிவிலும் அவர் இல்லை. வெட்கத்தைவிடப் பயம்தான் வந்தது. அக்காவுக்கு இனி எதைக் கொடுப்பேன்?

சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் போனேன். "பெரியப்பா, அக்காவுக்கு நீங்கள் ஊதினது ஒண்டும் கேக்கேல்லை. நான் வெட்டிப்போட்டன்." அழுகை வந்துவிட்டது.

அவர் நாதசுவரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைத் துடைத்தபடியே சொன்னார்: "புதன்கிழமை வரைக்கும் பல்லு என்னட்டைத்தானே கிடக்கு. நாளைக்கு வீட்டை வா, பிள்ளை."

மறுநாள் வெறும் கைபேசியில் பதிந்தேன். அரை மணித்தியாலம் ஊதினார். காகம் கரைந்தது, வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையால் மோட்டார் சைக்கிள் போனது, நடுவில் அவர் இரண்டு தரம் இருமினார். எதையும் தொடாமல் அனுப்பினேன்.

"அப்பா இருமினதும் கேட்டுது. அதை வெட்டிப்போடாதை" என்று அக்கா பதில் எழுதினார். அதை வாசித்தபோதுதான் உறைத்தது: இரைச்சல் எது என்பதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

இன்று இரைச்சலை வெட்டும் அதே தொழில்தான் எனக்குச் சோறு போடுகிறது. இப்போதெல்லாம் முதலில் கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன். ஆனால் அண்ணியின் தாய் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசல் படலையிலேயே நின்று அம்மாவைக் கூப்பிடுவார்.

"சம்பந்தி, இது புதுச் சீலை. கனடாவுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ!"