நிலுவையில் ஒரு மொட்டை

“இந்தப் பொருத்தத்துக்கான அடையாளச் சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது, ஐயா.”

காலையிலிருந்து கைப்பேசி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அருண்ராஜுக்குக் கோபம் வரவில்லை, பயபக்திதான் வந்தது. சிங்கப்பூரின் ஆங் மோ கியோ அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுதுபார்க்கும் அவனை இதற்குமுன் யாரும் ‘ஐயா’ என்று அழைத்ததில்லை.

அவன் பதிந்திருந்த திருமணத் தகவல் நிலையத்தில் ஆளுக்கொரு ஏஐ ஏஜென்ட் கொடுத்திருந்தார்கள். அவனுடைய ஏஜென்ட்டும் யாமினி என்ற பெண்ணின் ஏஜென்ட்டும் ஒரு கோப்பை தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் ஜாதகம் பார்த்து, குணம் விசாரித்து, “தோசையை நடுவில் பிய்ப்பீர்களா, ஓரத்திலிருந்தா என்று யாமினி அவர்கள் கேட்கிறார்” என்பது வரைக்கும் வந்துவிட்டன. அந்தக் கேள்வியிலேயே அருண்ராஜ் விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான் என்று முடிவும் செய்துவிட்டான்.

ஆனால் அடையாளம் உறுதியானால்தான் படமும் தொலைபேசி எண்ணும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகாவிட்டால் பொருத்தம் ரத்து. பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் மின்தூக்கி சீக்கிரம் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், ‘நிலை என்ன?’ என்று அழுத்திக்கொண்டே இருந்தான்.

“இது எப்படிடா உள்ள போய்ப் பாக்குது?” என்று உடன் வேலை செய்யும் திலீப்பிடம் கேட்டான்.

“ஏஜென்ட்டுக்குன்னே ஒரு டூல் இருக்கு லா. அதை வெச்சு சிஸ்டத்துக்குள்ள போகும், ஸ்டேட்டஸ் பாக்கும், வந்து சொல்லும்.”

“நாம போக முடியாதா?”

“நமக்கு அங்க அனுமதி இல்ல.”

கருவறைக்குள் குருக்கள் மட்டும் போவது மாதிரி என்று அருண்ராஜுக்குப் புரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திலீப் அவன் தலையைப் பார்த்தான். “டேய், பிரச்சினையே இதுதான். ஐசி அடையாள அட்டைல சுருட்டை முடி, இப்ப மொட்டை. மெஷின் எப்படி ஒத்துக்கும்?”

சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தைப்பூசத்தன்று முருகனுக்குக் கொடுத்த முடி அது. அதுவே கல்யாணத்துக்கு வேட்டு வைக்கும் என்று யார் கண்டார்கள்!

லிட்டில் இந்தியாவில் நாட்டிய உடை விற்கும் கடையொன்றில் சுருட்டை விக் கிடைத்தது. ராஜா வேஷத்துக்கானது. நெற்றியோரம் அரித்துத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு புதுப்படம் எடுத்து அனுப்பினான்.

“ஐயா, முடி இந்த முகத்துக்கு உரியதல்ல என்று ஐயம் எழுந்துள்ளது.”

“கண்டுபுடிச்சிருச்சுடா!” என்றான் அருண்ராஜ். கையிலிருந்த முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. தலையில் இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

இப்பேர்ப்பட்ட சக்தியிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. விக்கைக் கழற்றிவிட்டு மொட்டைத் தலையோடு உண்மைப் படத்தை அனுப்பினான்.

“ஐயா, ஒரே கணக்கை இருவர் பயன்படுத்துவதாகத் தெரிகிறது.”

“வீடியோல யாமினிகிட்ட ஒரே ஒரு நிமிஷம் பேசட்டுமா?” என்று கெஞ்சினான்.

“காணொளியில் வர இப்போது இயலாது என்று யாமினி அவர்கள் தெரிவிக்கிறார்.”

அடையாளமே இல்லாதவனோடு எவள் பேசுவாள் என்று அருண்ராஜ் நொந்துகொண்டான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சந்திரமதி விஷயத்தைத் தன் கையில் எடுத்தார். “எம்புள்ள மொட்டை போட்டா எப்படி இருப்பான்னு நான் காட்டுறேன்.” மகன் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆல்பத்தில் ஒரு படத்தைத் தேடிப்பிடித்து அனுப்பியும்விட்டார். காதுகுத்தில் எடுத்த படம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்கார்ந்து அருண்ராஜ் அலறிக்கொண்டிருந்தான்.

“ஐயா, விண்ணப்பதாரருக்கு ஒரு வயது என்று தெரிகிறது. இது திருமண வயதல்ல. கணக்கு முடக்கப்படுகிறது.”

ஈரத்தலையோடு ஓடிவந்த மகனிடம், “ஆத்தாடி! பதினோரு மாசம்டா அப்ப உனக்கு. எவ்வளவு கிட்ட வந்துருச்சு பாரேன்!” என்று சந்திரமதி அசந்துபோய்ச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஐசி, விக், ஆல்பம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு தேக்கா பக்கத்திலிருந்த தகவல் நிலைய அலுவலகத்துக்கு ஓடினான். அங்கே ஒரு பெஞ்சில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மூத்தவள் நெற்றியோரத்தைச் சொறிந்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். இளையவளைப் பார்த்தால் கல்லூரி மாணவி மாதிரி இருந்தது. அருண்ராஜ் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

“மேடம், நான்தான் அருண்ராஜ்!” என்றான், கவுண்டரிலிருந்த ஆஸ்மாவிடம். “மொட்டையும் நான்தான், சுருட்டை முடியும் நான்தான், அந்தக் குழந்தையும் நான்தான். உங்க மெஷின் பெரிய சக்தி, மேடம். என்னைய நம்பலன்னா பரவால்ல. ஆனா யாமினியை விட்டுறச் சொல்லாதீங்க. நான் தோசையை ஓரத்துலேருந்துதான் பிய்ப்பேன்னு அவங்ககிட்ட யாராவது சொல்லுங்க.”

ஆஸ்மா தட்டச்சுவதை நிறுத்தினாள். நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்த கையும் அப்படியே நின்றது.

இளையவள் வாயைப் பொத்திச் சிரித்தபடி எழுந்து வந்தாள்.

“மாமா, உங்க வெரிஃபிகேஷன் மொத நாளே பாஸ்னு எங்க ஏஜென்ட் சொல்லிருச்சு லா, பெண்டிங்ல இருந்தது எங்க யாமினி அக்காவோடது, அவளும் சீக்கிரம் கல்யாணம் ஆகணும்னு தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுட்டா!”