காகத்துச் சோறும் கார்ப் மீனும்

வாய் உள்ளவன் லண்டனில் பிழைத்துக்கொள்வான். இது நான் புத்தகத்தில் படித்தது அல்ல. புத்தகங்களுக்கும் எனக்கும் எட்டாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அந்த வகுப்பில் நான் இரண்டு வருடம் இருந்தேன். மூன்றாவது வருடமும் இருந்திருப்பேன், வாத்தியார்தான் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படிப்பட்ட எனக்கு இன்று மனோர் பார்க்கில் ஒன்று, பார்க்கிங்கில் (வண்டி நிறுத்தும் இடமல்ல, ஊர்) ஒன்று, வெம்பிளியில் ஒன்று என்று மூன்று கடைகள். என்னோடு விமானம் ஏறிய பட்டதாரிகள் என் கடையில்தான் கறிவேப்பிலை வாங்குகிறார்கள். எல்லாம் இந்த வாயால் வந்தது.

இந்த வாய் ஒரே ஒரு தடவை என்னைக் குளத்தில் தள்ளியது. (பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையான குளம், இடுப்பளவு தண்ணீர்.)

எண்பதுகளின் கடைசி. பார்க்கிங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எனக்கு வேலை. மனோர் பார்க்கில் வாடகை வீடு. வேலைக்குப் போகும் வழியில் ஒரு கடை பூட்டிக் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துருதுருக்கும். உள்ளே அரிசி மூட்டை எங்கே, மிளகாய்த்தூள் எங்கே, கல்லா எங்கே என்று எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கிவிட்டேன். கடைக்காரரைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

கடைக்காரர் பெர்சி என்ற வயதான வெள்ளைக்காரர். அந்தக் கடையில் ஒரு காலத்தில் மீன்பிடிச் சாமான் விற்றவர். வயதாகிவிட்டதால் பூட்டிவிட்டு, மேல் மாடியில் தனியாக இருந்தார். பணத்துக்கு அவசரம் இல்லை, நல்ல ஆள் கிடைத்தால் கொடுப்பார் என்று கேள்வி. நான் தலை வாரி, மலர் அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு போனேன். (மலர் என் மனைவி. உயர்தரம் படித்தவள். அந்தக் குறை அவளிடம் உண்டு.)

மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த ஒரு மீன் விறைத்துக்கொண்டு இருந்தது. பெர்சி அதை ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேசாமல் இருந்திருக்கலாம்.

“எங்கள் நாட்டில் இதைக் கருவாட்டுக்கும் எடுக்கமாட்டோம்” என்றேன்.

“நீ மீன் பிடிப்பாயா?”

“தீவில் பிறந்தவனிடம் இதைக் கேட்கலாமா?”

உண்மை என்னவென்றால், எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தின் நட்ட நடுவில் இருக்கிறது. செம்மண், வெங்காயம், புகையிலை. மீன் எங்கள் ஊருக்கு சைக்கிள் பெட்டியில், செத்த பிறகுதான் வரும். நானும் அதுவும் சந்தித்துக்கொண்டது குழம்பில் மட்டும்.

“அப்படியானால் சொல், ஒரு குளத்தில் மீன் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?”

எனக்குத் தெரிந்தது தோட்டம். தோட்டக்காரன் எதற்கும் காற்றைத்தான் பார்ப்பான். “காற்றைப் பார்ப்பேன்” என்றேன்.

பெர்சியின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். குளிர்காலத்தில் மீன் ஆழத்தில், மதகுச் சுவரோரம் அசையாமல் கிடக்குமாம். மூக்குக்கு முன்னால் இரை விழுந்தாலும் வாயைத் திறப்பதா விடுவதா என்று யோசிக்குமாம். வசந்தத்தில் வெயில் சுட்ட ஆழமில்லாத கரைக்கு, நாணல் பக்கம் வந்துவிடும். ஆனால் அது குஞ்சு பொரிக்கும் காலம், ஜூன் நடுப்பகுதிவரை தூண்டில் போடச் சட்டம் விடாது. கோடையில் தென்மேற்குக் காற்று மேல்தண்ணீரையும் அதிலுள்ள தீனியையும் எதிர்க்கரைக்குத் தள்ளும், மீன் பின்னாலேயே போகும். இலையுதிர் காலத்தில் பஞ்சம் வரப்போவதுபோல அள்ளித் தின்னும். இலைகள் தண்ணீரில் அழுகத் தொடங்கினால் கோபித்துக்கொண்டு போய்விடும்.

நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, “எங்கள் ஊரில் அந்தத் தென்மேற்குக் காற்றுக்குச் சோளகம் என்று பெயர்” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது. பெர்சி அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு மெதுவாகச் சப்பினார். “சோ-ல-கம்.”

பிறகு சொன்னார்: “ஜூனில் குளம் திறக்கும்போது என்னோடு வா. சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தால் கடையைப் பற்றிப் பேசலாம். மீனில் பொய் சொல்கிறவன் வாடகையிலும் பொய் சொல்வான்.”

கடை என் கைக்கு வருவதற்கும் போவதற்கும் இடையில் இப்போது ஒரு மீன் நின்றது.

இந்த இடத்தில் காகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலர் சனிக்கிழமை விரதக்காரி. காகத்துக்குச் சோறு வைக்காமல் தானும் தின்னாள், எனக்கும் தராள். வீட்டுப் பின்னால் மதிலில் வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி புகார் கொடுத்து, கவுன்சில் ஆள் ஒருவர் வந்து, இப்படி வைத்தால் எலி வரும் என்று விளக்கினார். “எங்கட காகம் எலியோட சேராது” என்று மலர் நல்ல ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். கவுன்சில் கேட்கவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமைச் சோற்றை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு என் கையில் தந்துவிடுவாள். நான் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தின் ஒரு மூலையில், அழுவதுபோலத் தொங்கும் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போடுவேன். அந்த மூலையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் பக்தி அல்ல. அங்கே காற்று அடிக்காது. குளிரில் சோறு பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும், அன்னம் ஒன்று வந்து கொத்தும். வசந்தத்தில் தண்ணீர் இலேசாக நெளியும். கோடை நெருங்க, பெட்டியைத் திறக்க முன்னரே தண்ணீர் உலைபோலக் கொதிக்கும்.

இதை நான் சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது நாலு பேர் காதுபடச் சொன்னேன்: “லண்டன் காகம் எங்களைக் கணக்கெடுக்காது. ஆனா என்ர அப்பா அந்தக் குளத்து மூலைக்கு மீனாய் வந்து வாங்கிறார்.”

என் பெரியப்பாவின் மகன் சின்னத்தம்பி அண்ணை பக்கத்தில் நின்றார். “சித்தப்பா மீனாய் வாறது அதிசயமில்லை” என்றார். “உயிரோட இருக்கேக்க மீன் இல்லாமல் ஒரு நாள் சாப்பிட்டவரே?” ஐயரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் வந்தது. பெர்சி என்னை அழைத்துப் போன குளம் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. “எங்கே நிற்கிறது?” என்று கேட்டார். நான் கண்ணை மூடிக் காற்றை முகர்ந்து (கண்ணை மூடியது கூடுதல்), என் மூலையைக் காட்டினேன்.

“அங்கேயா? அது காற்றே இல்லாத இடம். அங்கே யாரும் போடுவதில்லை.”

“சோளகம் எனக்குச் சொல்கிறது.”

அன்று அந்த மூலையில் பெர்சி பிடித்த மீன்களை அவர் எனக்குப் பெயர் சொல்லிச் சொல்லிக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே முகமாக இருந்தது. ஒவ்வொன்றையும் முத்தம் கொடுக்காத குறையாகத் தூக்கித் திருப்பித் தண்ணீரில் விட்டார். பிடித்ததை விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்க வாய் வந்தது, கடையை நினைத்து மூடிக்கொண்டேன். வீடு திரும்பும்போது பெர்சி சொன்னார்: அவருடைய சங்கத்தின் கோடைப் போட்டி வருகிறது. இருவர் இருவராகச் சேர்வது. மூத்த உறுப்பினர் என்பதால் இடம் தெரிவு செய்யும் முதல் உரிமை அவருக்கு. அவர் ஒருமுறையும் கோப்பை வென்றதில்லை. “நீ என் பக்கத்தில் உட்கார். வென்றால் அன்று மாலையே கடைப் பூட்டின் திறப்பு உன் கையில்.”

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறு ஆடி அமாவாசை.

தகப்பன் இல்லாத எவனும் அன்று விரதம். தூண்டில் என்ன, மீன் படம் போட்ட சட்டையும் தொடக்கூடாது. விரதச் சமையலுக்குரிய காத்தோட்டிக்காய் லண்டனில் கிடைக்காததால், மலர் முதல்நாளே அதற்குப் பதிலாகப் பாகற்காய் வாங்கி வைத்துவிட்டாள். நான் யோசித்தேன். அப்பா ஒருவர். ஆடி அமாவாசை வருடா வருடம் வரும். அந்தக் கடை வராது. “இண்டைக்கு ஷிப்ட் மாறிப்போச்சு, மத்தியானம் வந்து விரதச் சாப்பாடு சாப்பிடுறன்” என்று சொல்லிவிட்டு விடியவே இறங்கினேன்.

பெர்சி எனக்குத் தன் பச்சைக் கோட்டையும் தொப்பியையும் தந்தார். தூண்டில் முள்ளில் சோளம் குத்தியும் தந்தார். போட்டி தொடங்கியது. விதி கடுமையானது. ஒரு சோடிக்கு ஒரு சின்ன டின் இரைதான், அதற்கு மேல் ஒரு பருக்கை போட்டாலும் வெளியே. எங்கள் டின்னைப் பெர்சி மருந்து போலப் போட்டார். மீன் வரத் தொடங்கியது. பெர்சி சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது மரங்களுக்குப் பின்னால் தமிழ் கேட்டது.

“ஐயர் சொன்ன மூலை இதுதான். எங்கட இராசதுரை கண்டுபிடிச்சது.”

சின்னத்தம்பி அண்ணையின் குரல். இராசதுரை நான். மெல்லக் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். வேட்டியும் சால்வையும் கோட்டுமாக மனோர் பார்க்கின் தகப்பன் இல்லாத ஆண்கள் அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள். கோயிலில் தர்ப்பணம் முடித்து, எள்ளும் சோறுமாக ஆளுக்கொரு ஐஸ்கிரீம் பெட்டி.

“வெள்ளையள் ரெண்டு பேர் குந்திக்கொண்டிருக்கினம், அண்ணை.”

“இருக்கட்டும். அவையளுக்கும் தேப்பன் இருந்திருக்கும்தானே.”

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டேன். வாழ்க்கையில் அந்தச் சில நிமிடம் மட்டும் நான் வெள்ளைக்காரனாக இருந்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பிண்டம் பொத்துப் பொத்தென்று எங்கள் தூண்டில் மிதப்பைச் சுற்றி விழத் தொடங்கியது. “இவர்கள் யார்? ஏன் எங்கள் இடத்தில் சோறு போடுகிறார்கள்?” என்று பெர்சி பதறினார். நான் பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும். தோளைக் குலுக்கினேன்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். கணவனுக்கு ஷிப்ட் என்பதால் மாமனாரின் சோற்றைத் தானே கொண்டுவந்த உத்தமி. பெட்டியைத் திறந்து, கவிழ்த்தாள்.

அந்தச் சோற்றோடுதான் என் தூண்டில் தடி வளைந்தது. வளைந்தது என்பது சரியல்ல. யாரோ கீழேயிருந்து என்னை வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல இழுத்தது. “முருகா” என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. தொப்பி விழுந்தது.

பெட்டியோடு நின்ற உத்தமி மலர்தான். மலர் என்னைப் பார்த்தாள். தடியைப் பார்த்தாள்.

“இண்டைக்கு ஷிப்ட் எண்டல்லோ சொன்னனீங்கள்.”

“ஷிப்ட்தான்” என்றேன். “இடத்தை மாத்திப்போட்டினம்.”

அதற்குள் மீன் தலையைத் தூக்கியது. பெரிய கார்ப், கெண்டைச் சாதி. வாயின் இரு பக்கமும் மீசை தொங்கியது. சின்னத்தம்பி அண்ணை ஓரடி பின்னால் வைத்தார்.

“மீசையைப் பாருங்கோடா. சித்தப்பாதான்.”

“அண்ணை, இது கார்ப்.”

“நீதானேடா அப்பா எண்டு சொன்னனீ. தூண்டிலிலை மாட்டின உடனை கார்ப் ஆயிட்டாரோ? விடடா அவரை. ஆடி அமாவாசையிலை தேப்பனுக்கு முள்ளுப் போட்டு வைச்சிருக்கிறான்.”

இந்தப் பக்கம் பெர்சி கைவலையை நீட்டிக்கொண்டு, “தடியை உயர்த்திப் பிடி, அதுதான் நம் கோப்பை” என்றார். அந்தப் பக்கம் அண்ணை என் கோட்டைப் பிடித்து இழுத்தார். நடுவில் நான். காலுக்குக் கீழே பத்து வீட்டுப் பிண்டம். வழுக்கினேன்.

தண்ணீருக்குள் நானும் மீனும் முகத்துக்கு முகம் நின்றோம். அது வாலைச் சுழற்றி என் கன்னத்தில் ஒன்று வைத்தது. அப்பாவிடம் நான் கடைசியாக அறை வாங்கியது புகையிலைக் காசில் படம் பார்த்தபோது. கை மாறவில்லை. முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். போய்விட்டது.

“சரி, தீர்த்தமும் ஆடியாச்சு” என்றார் அண்ணை மேலேயிருந்து.

சங்கத்து ஆள் ஓடிவந்து, தண்ணீரில் மிதந்த சோற்றைப் பார்த்து, எங்கள் சோடியைப் போட்டியிலிருந்து நீக்கினார். பெர்சி அவரோடு வாதாடவில்லை. நனைந்து நின்ற என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த மூலை உனக்கு எப்படித் தெரியும்?”

நான் சோளகம் என்று ஆரம்பித்தேன். மலர் குறுக்கிட்டாள். அவள் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியே போதுமாக இருந்தது. காகம், கவுன்சில், சனிக்கிழமை, ஐஸ்கிரீம் பெட்டி, எல்லாம் சொன்னாள். “அவருக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மீனுக்குத்தான் என் சோற்றைத் தெரியும்” என்று முடித்தாள்.

பெர்சி தூண்டில் நூலைச் சுற்றத் தொடங்கினார். “மீன் பிடிக்கிறவன் பொய் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்” என்றார். “பிடிக்காதவனே சொல்வது எனக்குப் புதிது.” தடிகளை எடுத்துக்கொண்டு போனார். கடையும் அவரோடு நடந்து போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மலர் இலை போட்டாள். பாகற்காயை மட்டும் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வைத்தாள். அப்போது மணி அடித்தது. வாசலில் பெர்சி. என்னைத் தாண்டி உள்ளே வந்து, மலரின் கையில் ஒரு திறப்பை வைத்தார்.

“இத்தனை வருடத்தில் என்னிடம் மீனைப் பற்றி உண்மை சொன்ன முதல் ஆள் நீ” என்றார். “கடை உன் பெயரில். அவன் மூட்டை தூக்கட்டும்.”

பிறகு உட்கார்ந்து பாகற்காயும் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவரும் மீன்பிடிக்காரர்தானே.

ஆகவே மூன்று கடைகளும் என் உழைப்பு, என் வாய். பெயர்ப்பலகையில் மாத்திரம் ‘மலர் ஸ்டோர்ஸ்’ என்று இருக்கும். அது பெரிய விஷயமில்லை. அந்தச் சங்கத்து ஆட்கள் அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் என்னிடம் சோளகம் எப்படி என்று கேட்டுவிட்டு, மலரிடம் பொன்னி அரிசி வாங்கிப் போவார்கள். நான் இல்லாமல் அந்த மூலைக்கு ஒரு மீனும் வந்திருக்காது என்று நான் இப்போதும் சொல்லுவேன். சோறு மலருடையதாக இருக்கலாம், போட்ட கை யாருடையது?

ஆடி அமாவாசை தோறும் நான் ஐஸ்கிரீம் பெட்டியோடு இறங்கும்போது, என் மகள் வாசலில் நின்று கேட்பாள்:

“அப்பா, அப்பப்பாட்டையோ போறியள்? பொக்கெற்றைக் காட்டிப்போட்டுப் போங்கோ, முள்ளு கிள்ளு இருக்கோ எண்டு பாப்பம்.”

காட்டிவிட்டுத்தான் போகிறேன்.