பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பை

முன்னால் வைத்த பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜவுபர் அதைத் தொடவில்லை. அவருடைய பார்வை முழுக்கக் குழந்தை சிபானாவின் வாயில் இருந்தது. சம்பந்தி வீட்டுப் பேத்தி அவள். ஒரு பூப்போட்ட துணிப்பையின் குஞ்சத்தை அவள் ருசித்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பையும் அதற்குப் பக்கத்தில் சுழன்ற சார்ஜ் காற்றாடியும் ஜவுபர் கொடுத்தவை. மகள் முஸ்பிறாவை இந்த வீட்டு முர்ஷிதுக்குப் பேசி முடித்த சந்தோஷத்தில், சாய்ந்தமருதிலுள்ள தன் மின்சாமான் கடையிலிருந்து அனுப்பியிருந்தார். கடற்கரைக் காற்றுக்கு அந்தக் காற்றாடி மேசையில் நிற்காது, குப்புற விழும். அதற்கு ஜவுபரே ஒரு வழி கண்டுபிடித்தார். மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பையில் போட்டு, மனைவி றஹீமாவைக் கொண்டு தைப்பித்து, காற்றாடியின் காலில் வைக்க, வாங்குகிற எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 'ஈயம் அற்றது' என்று பெட்டிகளோடு வந்த பச்சை ஸ்டிக்கர்கள் மிஞ்சிக் கிடந்தன. அழகுக்காக அவற்றைப் பைகளிலும் ஒட்டினார். ஒட்டும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்!

"ஈயமில்லாத சாமான் விக்கிறது பெரிய விசயம் மாமா, ஈயம் புள்ளைகளுக்கு நஞ்செல்லா," என்றான் முர்ஷித். வெளிநாட்டில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் சாமான் பரிசோதிப்பவன். லீவில் வந்திருந்தான். "எங்கட கம்பனியில மெசினை மட்டும் பாக்கிறல்ல. அதோட சேத்துக் குடுக்கிற வயர், உறை, பை எல்லாத்துக்கும் அதே சட்டம்தான். ஒண்டு பிழைச்சாலும் முழுப் பெட்டியும் திரும்பிரும். இந்தப் பையையும் நாளைக்குப் பிரிச்சுப் பாக்கணும்."

"பையையா?" என்றார் ஜவுபர்.

"அதைப் பிரிச்சு என்ன செய்யப் போறாய்? அப்பிடியே வை," என்று அதட்டினார் முர்ஷிதின் வாப்பா ஷரிபுதீன். படகு வைத்துத் தொழில் செய்பவர். சம்பந்தியின் மானத்தைக் காக்கிற மனுசன் என்று ஜவுபர் உருகிப்போனார்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கேட்டது. வாப்பாவும் மகனும் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யக் கிணற்றடிக்குப் போனார்கள். ஜவுபர் பாய்ந்து பிள்ளையின் கையிலிருந்து பையைப் பறித்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடியில் செருகினார். பிள்ளை வீரிட்டது.

"ஏன் புள்ள அழுகுது?" என்று ஓடி வந்தாள் முர்ஷிதின் உம்மா ஜுனைதா.

அன்று பார்த்து ஜவுபர் இடுப்புப் பட்டி கட்டவில்லை. பாரம் சாரத்தைக் கீழே இழுத்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார்.

"வயிறு ஒரு மாதிரி இரிக்கி தங்கச்சி."

"அல்லாஹ்! கொத்தமல்லி அவிச்சுத் தாறன், இருங்க காக்கா."

இருக்க முடியுமா? நிற்கவே முடியவில்லை. வயிற்றைப் பிடித்தபடியே அவர் தெருவில் நடந்ததை அரை ஊர் பார்த்தது. வீட்டுக்குப் போய், பையைப் பிரித்துப் பார்க்கவும் மனம் கூசி, தென்னைக்கடியில் குழி தோண்டிப் புதைத்தார்.

"பை எங்க எண்டு கேப்பாங்களே?" என்றாள் றஹீமா. "அதே துணி மிச்சம் கிடக்கு. கடல் மண்ணை நிரப்பித் தைச்சுத் தாறன், கொண்டு வைங்க."

அவசரத் தையல். மறுநாள் காலை மண் பையோடு போய் நின்றார் ஜவுபர்.

"நேத்து சொல்லாம எடுத்துக்கு போயிட்டன், குறை நினைக்காதீங்க. தையல் பிழை. மாத்திக் கொண்டு வந்திரிக்கன்."

"அதுக்கென்ன மச்சான்!" என்ற ஷரிபுதீனின் முகத்தில் ஏனோ பெரிய நிம்மதி. "சாப்பிட்டுத்தான் போகணும்."

ஜவுபர் பையைக் காற்றாடியின் பின்பக்கம் தொங்கவிட்டார். காற்றாடி பின்னாலிருந்து இழுத்து முன்னால் தள்ளும் சாமான் என்பது, அதைப் பல வருடமாக விற்பவருக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. ஜுனைதா தேங்காய்ப்பாலில் அவித்த இனிப்பு வட்டிலப்பத்தைக் கொண்டு வந்து வைத்தாள். முர்ஷித் சுவிட்சைப் போட்டான். காற்றாடி அதிர்ந்ததில் தையல் பிரிந்தது. ஷரிபுதீனின் கண், முர்ஷிதின் வாய், வட்டிலப்பம் எல்லாம் ஒரே மண்.

"மாமா, இது கடல் மண்ணெல்லா?" என்றான் முர்ஷித், துப்பிக்கொண்டே.

ஜவுபர் காற்றாடியை நிறுத்தினார். இனிமேல் சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை. மகளின் முகம் நினைவுக்கு வர, கண் கலங்கிற்று.

"மகன், முதல் தந்த பைக்குள்ள ஈயம். வலைக்குக் கட்டுற அசல் ஈயக்குண்டு. அதுக்கு மேல ஈயமில்லை எண்டு ஸ்டிக்கரும் ஒட்டினன். புள்ள அதைச் சப்பக்குள்ளயும் வாய் திறக்காம, என்ட மானத்துக்காகக் களவாத் தூக்கிக்கு போன ஆள் நான். வித்த வீடெல்லாம் ஏறி இறங்கி, காலைப் புடிச்செண்டாலும் திருப்பி வாங்குறன். முஸ்பிறாக்கு ஒண்டும் தெரியாது. கலியாணம் வேணாமெண்டா என்னைத் திட்டுங்க, அவளை ஒண்டும் சொல்லிப் போடாதீங்க."

ஷரிபுதீன் தலையைத் தொங்கப் போட்டபடி, கண்ணில் விழுந்த மண்ணை ரொம்ப நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜவுபருக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அடுப்படி வாசலில் நின்ற ஜுனைதா புருசனை ஒருமுறை முறைத்துப் பார்த்தாள்.

"காக்கா, பை வந்த அண்டைக்கே இவரு அந்த ஈயத்தையெல்லாம் கழட்டி இவர்ட வலையில கட்டிட்டாரு, நீங்க நேத்து மடியில வெச்சுக் கொண்டு போனது, உங்களுக்குத் தெரியாம இரிக்கட்டுமெண்டு நான் போட்டுத் தைச்ச கருங்கல்லு!"